டெஸ்டிங் படிக்க எந்த வழி? யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஒப்பீடு

"அண்ணை, ஐ.எஸ்.டி.கியூ.பி. சோதினை எடுக்கிறதோ, இல்லாட்டி டவுனில நடக்கிற கோர்ஸுக்குப் போறதோ?"

மென்பொருள் சோதனை (டெஸ்டிங்) படிக்க விரும்பி மாதத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். ஐ.எஸ்.டி.கியூ.பி. என்பது அதற்கான ஒரு சர்வதேசச் சான்றிதழ். உயர்தரம் முடித்து வெட்டுப்புள்ளியைக் கொஞ்சத்தில் தவறவிட்ட தம்பிமார், பட்டம் எடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தங்கச்சிமார், ரியூட்டரியில் கணிதம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியர். கடைசியாகக் கேட்டவர் சாவகச்சேரியில் இருக்கும் வர்த்தகப் பட்டதாரி ஒருவர். அவருக்கு போனில் சொன்னதை ஒழுங்காக எழுதிவைத்தால் அடுத்தவருக்கும் உதவும் என்று தோன்றியது.

எங்கள் ஊரில் பரீட்சையைச் சோதினை என்போம். அதனாலோ என்னவோ, மென்பொருள் சோதனை படிப்பதென்றால் ஏதோ ஒரு சோதினை பாஸ் பண்ணுவது என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். வழிகளை ஒப்பிட முன் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுவோம்.

## படிக்கப்போவது என்ன?

உங்கள் தேசிய அடையாள அட்டையை எடுங்கள். பழைய வகையென்றால் 9 இலக்கமும் முடிவில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 இல் வந்த புதிய வகையில் 12 இலக்கம். பழையதில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆக, ஆணுக்கு 001 முதல் 366 வரை, பெண்ணுக்கு 501 முதல் 866 வரை.

இலக்கத்தைத் தட்டினால் பிறந்த திகதி தானாக நிரம்பும் படிவம் ஒன்றைச் சோதிக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவர் தன் இலக்கத்தைப் போடுவார், அம்மாவினதைப் போடுவார், சரியாக வருகிறது என்று எழுந்துவிடுவார். கொஞ்சம் படித்தவர் 000, 001, 366, 367, 500, 501, 866, 867 என்று விளிம்பு விளிம்பாகத் தட்டிப் பார்ப்பார். அடிபட்டவர் இன்னொன்றும் பார்ப்பார். அடையாள அட்டை இலக்கத்தில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாளாகவே எண்ணப்படுகிறது. 1990 மார்ச் 1 இல் பிறந்தவருக்கு 061 வரும். ஆனால் 1990 லீப் வருடம் அல்ல. நிரல் எழுதியவர் சாதாரண நாட்காட்டியை நம்பியிருந்தால் 61 ஆவது நாள் மார்ச் 2. மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் லீப் அல்லாத வருடங்களில் எல்லாம் ஒரு நாள் பிந்திப் பிறந்துவிடுவார்கள். சோதித்தவரின் பிறந்தநாள் ஜனவரியில் என்றால் இந்த வழு கண்ணிலேயே படாது.

டெஸ்டிங் என்பது இதுதான். எந்த இலக்கத்தைப் போட்டுப் பார்ப்பது என்று தெரிந்து தேர்வது.

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைத் தொடர்ந்து திருத்திக் கொண்டுபோகும் பராமரிப்பு வேறு. இந்தப் படிவத்தை 2015 இல் எழுதி முடித்த ஒருவருக்கு அடுத்த வருடமே 12 இலக்க அட்டை வந்து சேர்ந்தது. அவருடைய நிரலில் பிழை இல்லை, உலகம் மாறிவிட்டது. 1976 இல் ஸ்வான்சன் என்ற ஆய்வாளர் பராமரிப்பை மூன்றாகப் பிரித்தார்: வழுவைத் திருத்துவது, மாறிய சூழலுக்கு ஏற்பத் திருத்துவது, பாவனையாளர் கேட்பதைக் கூட்டிச் சீராக்குவது. பிறகு பிழை வர முன்னரே நிரலைச் செப்பனிடுவதையும் நாலாவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1980 இல் அவரும் லியென்ட்ஸும் 487 நிறுவனங்களில் எடுத்த ஆய்வை வெளியிட்டார்கள். வழு திருத்துவது பராமரிப்பு வேலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்று அதில் தெரியவந்தது. மிச்சமெல்லாம் மாற்றம், சேர்க்கை. ஆகவே டெஸ்டராக வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் புதுச் சாமானைச் சோதிப்பதில்லை. பத்து வருடப் பழசில் யாரோ ஓர் இடத்தில் கைவைத்த பிறகு மற்ற இடம் உடைந்திருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

## எதை வைத்து அளப்பது?

எல்லோரும் முதலில் கேட்பது கட்டணம். நான் அதை மூன்றாவதாக வைக்கிறேன்.

முதலாவது: நீங்கள் எழுதியதை யார் வாசித்துத் திருப்பி அனுப்புவார்கள்? கண்ட பிழையை நிரலருக்கு விளங்க வைக்கும் வழு அறிக்கை எழுதுவது நீச்சல் போல. குறிப்புக் கொப்பியில் வராது. எழுதி, "விளங்கேல்லை, திருப்பி எழுது" என்று ஒருவர் சொல்லி, மறுபடி எழுத வேண்டும். இந்த ஆள் இல்லாத வழி எதுவானாலும் அரைவாசி வழிதான்.

இரண்டாவது: பழைய நிரல் கைக்குக் கிடைக்குமா? பராமரிப்பைப் பழசு இல்லாமல் படிக்க முடியாது.

மூன்றாவது, காசு. விளம்பரத்தில் போடாத காசையும் சேர்த்துத்தான். நாலாவது, காலம். ஐந்தாவது, சி.வி. யைப் பார்த்து நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்களா என்பது. இந்தக் கடைசியை இளக்காரமாகப் பேசுகிற ஆட்கள் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். அவர்கள் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

## வழி 1: ஐ.எஸ்.டி.கியூ.பி. அடிப்படைச் சான்றிதழ்

2002 இல் தொடங்கிய சர்வதேச அமைப்பு இது. அடிப்படைநிலைப் பாடத்திட்டத்தின் இப்போதைய நாலாவது பதிப்பு 2023 இல் வந்தது. 40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியென்றால் சித்தி. தாய்மொழியல்லாத மொழியில் எழுதுகிறவர்களுக்கு 25 வீதம் மேலதிக நேரம் உண்டு, அதாவது 75 நிமிடம். நம்மில் அநேகருக்கு இது பொருந்தும். பதிவு செய்யும்போது கேட்டு வாங்குங்கள். சான்றிதழுக்குக் காலாவதி இல்லை.

பாடத்திட்டமும் மாதிரி வினாத்தாள்களும் அமைப்பின் தளத்திலேயே இலவசம். பரீட்சைக்கு இருக்க கோர்ஸ் கட்டாயம் என்று யாராவது சொன்னால், அவர் கோர்ஸ் நடத்துபவராக இருப்பார்.

ஆறு அத்தியாயத்துக்கும் சேர்த்து அவர்கள் ஒதுக்கும் கற்பித்தல் நேரம் 1135 நிமிடம், 19 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் சோதனைகளை வடிவமைக்கும் நாலாம் அத்தியாயத்துக்கு மட்டும் 390 நிமிடம். கருவிகளுக்கு வெறும் 20. இந்த விகிதம் எனக்குப் பிடிக்கும். மேலே அடையாள அட்டையில் செய்த விளிம்பு வேலை நாலாம் அத்தியாயத்துப் பாடம்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தால் ஆறு கிழமையில் ஆறுதலாக முடிக்கலாம்.

குறை எங்கே? யாரும் திருத்துவதில்லை. கேள்வி எல்லாம் விடை தெரிவுதான். ஒரு வழு அறிக்கைகூட எழுதாமல் சித்தியடையலாம். பராமரிப்புச் சோதனை இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சின்னப் பகுதி. திருத்தம், தளமாற்றம், மென்பொருளை ஓய்வுபெற வைத்தல் என்று எப்போதெல்லாம் அது தேவைப்படும் என்பதைச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறது.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது டொலர். வெளிநாட்டு வழங்குனர் ஊடாகக் கட்டினால் அன்றைய விலைதான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாவது, வீட்டிலிருந்து எழுதுவதென்றால் கமெராவுக்கு முன்னால் தனியறையில் இருக்க வேண்டும். இடையில் வேறொருவர் உள்ளே வந்தாலும் பிரச்சினை. நல்லூர்ப் பக்கம் வீடென்றால் திருவிழா 25 நாளும் பரீட்சைக்கு நாள் குறிக்காதீர்கள். ஒலிபெருக்கிக்குக் கண்காணிப்பாளரின் விதி தெரியாது. கறண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: ஏற்கெனவே ஏதோ வேலையில் இருந்துகொண்டு துறை மாற நினைப்பவர்கள், கொழும்பு அல்லது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள், ஆங்கிலம் வாசிப்பதில் சோர்வு இல்லாதவர்கள்.

## வழி 2: கட்டணப் பயிற்சிநெறி

டவுனிலும் நடக்கிறது, ஒன்லைனிலும் நடக்கிறது. சில நன்றாக இருக்கின்றன. பலதும் எங்கள் ரியூட்டரிப் பழக்கத்திலேயே நடக்கின்றன: நோட்ஸ், கடந்தகாலக் கேள்விகள், கடைசி வாரத்தில் ஒரு "புராஜெக்ட்".

அடிக்கடி நான் காணும் கோளாறு ஒன்று. முதல் கிழமை முடிய முன்னரே செலினியம் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியைத் திறந்துவிடுவார்கள். பிரவுசர் தானாகத் திறந்து, தானாகத் தட்டச்சு செய்து, தானாக மூடுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கும் சந்தோசம், கட்டணம் கட்டிய அப்பாவுக்கும் சந்தோசம். ஆனால் எந்த இலக்கத்தைத் தட்ட வேண்டும் என்று தெரியாத ஆளின் பிழையை செலினியம் வேகமாகச் செய்து தரும், அவ்வளவுதான். அப்புறம், எல்லோருக்கும் அதே மாதிரி ஒன்லைன் கடைதான் பயிற்சித்தளம். ஒரே பட்சில் வந்த இருபது சி.வி. யிலும் அதே லொகின் பக்கம், அதே கூடை, அதே நாற்பது சோதனைகள். நேர்முகத்தில் இருக்கிறவருக்கு மூன்றாவது ஆளிலேயே அலுத்துவிடும்.

சேர முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "நாங்கள் எழுதுகிற அறிக்கையை ஆர் திருத்திறது?" ஆளின் பெயரும் அவர் இப்போது எங்கே டெஸ்டராக வேலை செய்கிறார் என்பதும் வர வேண்டும். அடுத்தது, "போன பட்சில திருத்தின அறிக்கை ஒண்டைக் காட்டுவீங்களோ?" சிவப்பு மையில் நிறைய இருந்தால் காசைக் கட்டுங்கள். மழுப்பினால் ரொட்டிக்கடையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

மறைந்திருக்கும் செலவு: ஓரளவு ஓடக்கூடிய லப்டொப் (போனில் படிக்கலாம் என்பார்கள், முடியாது), பருத்தித்துறையிலிருந்தோ வேலணையிலிருந்தோ வருகிறவருக்கு மாலை வகுப்பு முடிந்து கடைசி பஸ், பரீட்சைக் கட்டணம் கோர்ஸ் கட்டணத்துக்குள் அடங்காமல் இருப்பது.

யாருக்குப் பொருந்தும்: தனியே இருந்தால் படிக்கவே வராது என்று தன்னைத் தெரிந்தவர்களுக்கு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேரம் குறித்து ஒருவர் காத்திருக்கிறார் என்பதற்காகவே ஒழுங்காகப் படித்தவர்களை எனக்குத் தெரியும்.

## வழி 3: டிப்ளோமா, பட்டம்

உயர்தொழில்நுட்பவியல் நிறுவகத்தின் ஐ.டி. உயர்தேசிய டிப்ளோமா, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டம், தொழிற்பயிற்சி வழியே என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) நிலைகள், கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் பயிற்சி நிறுவகம் என்று வடக்கிலிருந்து எட்டக்கூடியவை பல. இவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவை வேறு கேள்விக்கான விடை.

டெஸ்டிங் மட்டும் படிக்க இரண்டு, மூன்று வருடம் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. அங்கே அது பல பாடங்களில் ஒன்று. ஆனால் கையில் எந்தத் தகைமையும் இல்லாத இருபது வயது என்றால் மூக்கை மட்டும் தொட்டு என்ன பயன்? தலையும் வேண்டும். தரவுத்தளம், வலையமைப்பு, நிரலாக்கம் தெரிந்த டெஸ்டருக்கும் தெரியாதவருக்கும் ஐந்தாவது வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். அரச வேலை எண்ணமும் இருந்தால் கேள்வியே இல்லை, இதுதான்.

## வழி 4: திறந்த மூலத்தில் சும்மா இறங்குவது

திறந்த மூலம் என்றால் நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள். காசு ஏறத்தாழ இல்லை. சான்றிதழும் இல்லை. ஆனால் முதலாவது, இரண்டாவது அளவுகோல் இரண்டிலும் இதைப் போல வேறொன்றும் இல்லை.

எம்.எஸ். ஒஃபிஸ் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஒஃபிஸை எடுத்துக்கொள்வோம். 2010 இல் ஓப்பன் ஒஃபிஸிலிருந்து பிரிந்தது. அதன் வேர் 1980களில் ஜேர்மனியில் எழுதப்பட்ட ஸ்டார் ஒஃபிஸ். நிரலுக்குள் ஜேர்மன் மொழிக் குறிப்புகள் இருந்தன. தொண்டர்கள் வருடக்கணக்காக அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். பழைய வீட்டைக் குடியிருந்துகொண்டே திருத்துவது எப்படி என்று பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே?

வழு அறிக்கைகளைப் பதியும் அதன் பக்சில்லா தளத்தில் யாரோ ஒருவர் அறிக்கை போடும்போது அது "உறுதிசெய்யப்படாதது" என்ற நிலையில் நிற்கும். நீங்கள் அதை எடுத்து, உங்கள் கணினியில் அதே படிகளைச் செய்து, வருகிறதா இல்லையா என்று பதில் எழுதலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஐம்பது பேர் எழுதிய ஐம்பது அறிக்கைகளை வாசித்தால் எது நல்ல அறிக்கை, எது மற்றவன் நேரத்தைத் தின்கிற அறிக்கை என்று தானாகப் பிடிபடும்.

அடுத்த படி இன்னும் சுவையானது. போன பதிப்பில் வேலை செய்தது, இந்தப் பதிப்பில் உடைந்துவிட்டது. இடையில் 1000 மாற்றங்கள். எது குற்றவாளி? நடுவில் ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்ப்பது. அங்கே உடைந்திருந்தால் முன்பாதி, இல்லாவிட்டால் பின்பாதி. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவது. பத்தே தடவையில் ஆளைப் பிடித்துவிடலாம். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் பைசெக்ட் என்று இதற்கு ஒரு கட்டளையே இருக்கிறது. லிப்ரே ஒஃபிஸ்காரர் முன்கூட்டியே கட்டிவைத்த பிரதிகளைத் தருவதால் நிரலைத் தொகுக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம்.

தமிழ் தெரிந்தவருக்கு இங்கே தனி வாய்ப்பு உண்டு. "கொக்குவில்" என்று எழுதிப் பாருங்கள். முதலெழுத்தில் உள்ள கொம்பும் அரவும் ஒரே குறியாகச் சேமிக்கப்படலாம். கொம்பு தனி, அரவு தனி என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் சர்வதேசத் தரமான யுனிக்கோட்டின் விதிப்படியும் இரண்டும் சமம். தேடுகிற மென்பொருளுக்கு அந்த விதி தெரியாவிட்டால் ஊரே காணாமல் போய்விடும். "யாழ்ப்பாணம்" நமக்கு ஆறெழுத்து, யுனிக்கோட்டில் 11 குறி. பத்துக்கு மேல் ஏற்காத ஒரு கட்டத்தில் இந்தப் பெயரைத் தட்டினால் கடைசிப் புள்ளி விழுந்து "யாழ்ப்பாணம" என்று நிற்கும். இதையெல்லாம் ஜேர்மனியில் இருக்கிறவர் நினைத்தும் பார்க்க மாட்டார். பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய கோப்புகளை யுனிக்கோட்டுக்கு மாற்றிய எவரைக் கேட்டாலும் இப்படி இன்னும் பத்துச் சொல்வார்.

சரி, செலவு? டேட்டா. பைசெக்ட் பிரதிகள் பல ஜி.பி. வரும். அடுத்தது மௌனம்: நீங்கள் எழுதியதற்கு ஒரே நாளில் பதில் வரலாம், ஒரு மாதம் வராமலும் போகலாம், யாரும் உங்கள் ஆசிரியர் அல்ல. ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதப் பழக வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது வீடு. "நாள் முழுக்க லப்டொப்பைப் பாத்துக்கொண்டிருக்கிறான், ஒரு சதம் வருகுதில்லை" என்ற பேச்சைத் தாங்க வேண்டும். கோர்ஸுக்குப் போகிறேன் என்றால் அந்தப் பேச்சு வராது. சிலர் கோர்ஸ் கட்டணம் கட்டுவது அந்த அமைதிக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

யாருக்குப் பொருந்தும்: மூன்று நாலு மாதம் காத்திருக்கக்கூடியவர்களுக்கு, யாரும் தள்ளாமலே நடப்பவர்களுக்கு. நேர்முகத்தில் இணைப்பைக் கொடுத்து "இதெல்லாம் நான் எழுதியது" என்று காட்டலாம். மற்ற இருபது சி.வி. யிலும் அது இருக்காது.

## வழி 5: பயிலுநராகச் சேர்வது

2022 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய கொம்பனியில் பயிலுநராகச் சேர்ந்தேன். கடைகளுக்கு பில் அடிக்கும் மென்பொருள் செய்கிறவர்கள். கைச்செலவுக்குக் கொடுத்தது பெட்ரோலுக்குக் காணாது. பெட்ரோலும் கிடைக்காத காலம் அது. முதல் ஐந்து மாதமும் எக்செல் தாளில் முந்நூறு சொச்சம் வரிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து "சரி", "பிழை" என்று குறிப்பதுதான் வேலை. ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இலவசக் கூலி என்றே நினைத்தேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த ஜூன் 1 இல் வற் வரி 8 வீதத்திலிருந்து 12 ஆனது. மென்பொருளில் ஓர் இடத்தில் 8 என்று இருந்ததை 12 ஆக்கினார்கள். வேலை முடிந்தது என்றார்கள். அடுத்த நாள் ஒரு கடைக்காரர் பழைய பில் ஒன்றின் மறுபிரதி கேட்டார். நான் எழுதிய முதல் அறிக்கை ஒரு வரி: "பழைய பில் பிழையாக வருகிறது." மேலே இருந்த அக்கா திருப்பி அனுப்பினார்: எந்தப் பில், என்ன பிழை? மறுபடி எழுதினேன். மறுபடி திருப்பினார்: எல்லாப் பழைய பில்லுமா? புதியது சரியா? மூன்றாம் தடவை இப்படி எழுதினேன்:

*மே 30 இல் அடித்த பில்லை ஜூன் 2 இல் மறுபிரதி எடுத்தேன். வரிக்கு முன் 10,000. எதிர்பார்த்தது: வற் 8 வீதம், மொத்தம் 10,800. வந்தது: வற் 12 வீதம், மொத்தம் 11,200. மே மாத பில் மூன்றில் பார்த்தேன், மூன்றிலும் இதே. ஜூன் 1 க்குப் பின் அடித்தவை சரி.*

நிரலர் இதை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிடவே இல்லை. நேரே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மறுபிரதி எடுக்கும்போது மென்பொருள் வரியைப் புதிதாகக் கணக்கிட்டிருக்கிறது. அதன்பிறகு வீதங்களை ஓர் அட்டவணையில் வைத்தார்கள்: எந்தத் திகதியிலிருந்து எத்தனை வீதம். செப்டெம்பர் 1 இல் வற் 15 ஆனபோது ஒரு வரி சேர்த்ததோடு சரி. ஆனால் அந்த ஒரு வரிக்காக அந்த முந்நூறையும் மறுபடி ஓட்டினோம். எக்செல் தாள் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. 2024 ஜனவரி 1 இல் 18 ஆனபோது நான் அங்கே இல்லை. இன்னொரு வரி சேர்த்திருப்பார்கள்.

இரண்டு பெரிய அளவுகோலும் இந்த வழியில் நிறைகின்றன, ஆனால் ஒரு அக்கா கிடைத்தால்தான். திருப்பி அனுப்ப ஆளில்லாத கொம்பனியில் முந்நூறு வரியோடு ஆறு மாதம் போய்விடும். நேர்முகத்தில் உங்களிடம் கேள்வி கேட்டு முடிந்ததும் நீங்கள் ஒன்று கேளுங்கள்: "என்ர வேலையை ஆர் பாப்பினம்?"

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். கொழும்பென்றால் வெள்ளவத்தையில் போடிங், சாப்பாடு, ஊருக்கு வந்துபோக 400 கிலோமீற்றர் இரவு பஸ். பயிலுநர் கொடுப்பனவில் இது அடங்காது, வீட்டிலிருந்து காசு போகும். இத்தனை வருடம் விலக முடியாது என்று ஒப்பந்தம் நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், பிரதி போதும்.

யாருக்குப் பொருந்தும்: ஆறு மாதம் வருமானம் இல்லாமல் தாங்கக்கூடிய வீடு இருப்பவர்களுக்கு. இடம் தேடுபவர்கள் யாழ் ஐ.டி. ஹப் நடத்துகிற நிகழ்வுகளுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சி.வி. அனுப்புவதைவிட ஆளை நேரே காண்பது எங்கள் ஊரில் இன்னும் பலிக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | திருத்த ஆள் | பழைய நிரல் | காலம் | விளம்பரத்தில் இல்லாத செலவு | சி.வி. யில் எடை |
|---|---|---|---|---|---|
| சான்றிதழ் | இல்லை | இல்லை | 6 கிழமை | டொலர், தனியறை, கறண்ட் | நல்லது |
| கோர்ஸ் | கேட்டுப் பார்க்க வேண்டும் | அநேகமாக இல்லை | சில மாதம் | லப்டொப், பஸ், பரீட்சைக் காசு | சுமார் |
| டிப்ளோமா, பட்டம் | ஓரளவு | அரிது | வருடங்கள் | வேலைக்குப் போகாத காலம் | மிக நல்லது |
| திறந்த மூலம் | உண்டு, பிந்தி வரும் | நிறைய | 3, 4 மாதம் | டேட்டா, வீட்டுப் பேச்சு | காட்டத் தெரிந்தால் நல்லது |
| பயிலுநர் | ஆளைப் பொறுத்தது | நிறைய | 6 மாதம் | போடிங், ஒப்பந்தம் | மிக நல்லது |

## என்னைக் கேட்டால்

ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதலாவதும் நாலாவதும் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கும். சான்றிதழ் வாசிப்பு சொற்களைத் தரும், திறந்த மூலம் கையைப் பழக்கும். இரண்டும் சேர்ந்தாலும் அநேகமான கோர்ஸ்களைவிடச் செலவு குறைவு. நாலு மாதம் கையில் இருந்தால் என் தெரிவு இதுதான்: முதல் ஆறு கிழமை காலையில் பாடத்திட்டம், இரவில் பக்சில்லா; அதன்பிறகு பரீட்சை; கையில் பத்து அறிக்கை சேர்ந்ததும் பயிலுநர் இடத்துக்கு விண்ணப்பம்.

நல்ல பயிலுநர் இடம் முதலிலேயே கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திவையுங்கள். பரீட்சை எங்கும் ஓடிவிடாது. இருபது வயதென்றால் டிப்ளோமாவில் சேர்ந்துவிட்டு மிச்சத்தைப் பின்னேரங்களில் செய்யுங்கள். ரியூட்டரி ஆசிரியருக்கு நான் கோர்ஸ் வேண்டாம் என்றேன். மற்றவர் எழுதியதைத் திருத்தியே பழகிய ஆள், அவருக்குப் பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்தாலே போதும்.

சாவகச்சேரித் தங்கச்சி முதலாவதையும் நாலாவதையும் சேர்த்து எடுத்தார். போன கிழமை போன் பண்ணினார். லிப்ரே ஒஃபிஸின் விரிதாளான கல்க்கில் தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது கண்ட ஒரு கோளாறை எழுதிப் போட்டாராம். நாலாம் நாள் "மேலதிக விவரம் தேவை" என்று திரும்பி வந்திருக்கிறது. எந்தப் பதிப்பு என்று எழுத மறந்துவிட்டாராம்.